அபெர்டீன், 1983: ரியல் மாட்ரிட்டை வென்ற ஃபெர்குசனின் அணி – கேள்வி பதில்

கேள்வி: ஸ்காட்லாந்தின் அபெர்டீன் கால்பந்து அணி 1983-இல் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டைத் தோற்கடித்துக் கோப்பையை வென்றது அன்றைய மழையின் தயவால்தான் என்கிறார்கள். அது சரியா?

பதில்: சரியல்ல. ஐரோப்பிய நாடுகளின் உள்நாட்டுக் கோப்பைகளை வென்ற அணிகள் மோதிய கப் வின்னர்ஸ் கப் தொடரின் இறுதியாட்டம் 1983 மே 11 அன்று சுவீடனின் கோதன்பர்க்கில் கொட்டும் மழையில் நடந்தது உண்மைதான். ஆனால் அந்த மழை முதலில் கெடுத்தது அபெர்டீனைத்தான். எரிக் பிளாக் ஏழாவது நிமிடத்திலேயே கோல் அடித்து முன்னிலை தந்திருக்க, சிறிது நேரத்தில் அலெக்ஸ் மெக்லீஷ் தம் கோல்கீப்பருக்குத் தள்ளிய பந்து ஈரப் புல்லில் வேகமிழந்து நடுவழியில் நின்றது. அதைப் பிடிக்கப் பாய்ந்த ரியல் வீரர் சான்டில்யானாவைக் கோல்கீப்பர் ஜிம் லைட்டன் வீழ்த்த நேர்ந்ததால் கிடைத்த பெனால்டியை ஹுவானிட்டோ கோலாக்கினார். அதன் பிறகும் நிலைகுலையாமல் ஆடி, கூடுதல் நேரத்தில் 2–1 என வென்ற அணியை அதிர்ஷ்டசாலி என்று ஒதுக்கிவிட முடியாது.

கேள்வி: பெரிய அணிகளைக் கண்டு மிரளாத மனநிலையை அபெர்டீனின் பயிற்சியாளர் ஃபெர்குசன் எப்படி உருவாக்கினார்? நான் பள்ளி அணி ஒன்றுக்குப் பயிற்சி அளிப்பவன், அதனால் கேட்கிறேன்.

பதில்: ஐயா, இந்தக் கதையின் உயிர்நாடியே இதுதான். செயின்ட் மிர்ரன் கழகம் பதவிநீக்கம் செய்த அலெக்ஸ் ஃபெர்குசன் 1978-இல் தமது 36-ஆம் வயதில் அபெர்டீனுக்கு வந்தபோது, ஸ்காட்டிஷ் லீக் பட்டம் 1965-க்குப் பிறகு கிளாஸ்கோ நகரின் செல்டிக், ரேஞ்சர்ஸ் ஆகிய இரு அணிகளைத் தாண்டிச் சென்றதே இல்லை. ஐரோப்பாவைப் பற்றிப் பேசுவதற்கு முன், கிளாஸ்கோவுக்குப் போய் அங்கேயே ஜெயிக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். 1980 ஏப்ரலில் மட்டும் செல்டிக்கின் சொந்த மைதானத்தில் இருமுறை வென்று, அந்த ஆண்டின் பட்டத்தையும் கைப்பற்றினார்கள். அறுபதாயிரம் எதிர்க்குரல்களுக்கு நடுவே ஆடிப் பழகியவனுக்கு மியூனிக்கும் மாட்ரிட்டும் புதிய அச்சத்தைத் தருவதில்லை என்பதே என் கருத்து. தோல்விகளும் பாடமாயின. 1980-இல் லிவர்பூல் அவர்களை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 5–0 என்று நசுக்கியது. ஓராண்டுக்குள் அதே அபெர்டீன் அணியினர், மற்றோர் ஐரோப்பியத் தொடரான யூஇஎஃப்ஏ கோப்பையின் நடப்புச் சாம்பியனான இங்கிலாந்தின் இப்ஸ்விச்சை வெளியேற்றினார்கள்.

கேள்வி: அந்தத் தொடரில் அவர்கள் ஆடிய மிகச் சிறந்த ஆட்டம் இறுதியாட்டம்தானா?

பதில்: என்னைக் கேட்டால், மார்ச் மாதம் அபெர்டீனின் சொந்த மைதானமான பிட்டோட்ரியில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்குக்கு எதிராக நடந்த காலிறுதியின் இரண்டாவது ஆட்டத்தையே சொல்வேன். பிரைட்னர், ரும்மெனிகே ஆகிய நட்சத்திரங்கள் ஆடிய பயர்ன், ஆட்டம் முடியக் கால் மணி நேரமே இருந்தபோது 2–1 என முன்னிலையில் இருந்தது. அப்போது கிடைத்த ஒரு ஃப்ரீ கிக்கை உதைக்க கார்டன் ஸ்ட்ராக்கனும் ஜான் மெக்மாஸ்டரும் ஒரே நேரத்தில் ஓடிவந்து, யார் உதைப்பது என்று குழம்பியவர்கள் போல நின்றுவிட்டார்கள். ஜெர்மானியர்கள் அசந்த அந்தக் கணத்தில் ஸ்ட்ராக்கன் சட்டென்று திரும்பிப் பந்தைத் தூக்கிவிட, மெக்லீஷ் தலையால் முட்டி கோலாக்கினார். பார்த்தவர்கள் தற்செயலான குழப்பம் என்றே நினைத்தார்கள்; ஆனால் அது பயிற்சியில் பலமுறை ஒத்திகை பார்க்கப்பட்ட நாடகம். அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் மாற்று வீரர் ஜான் ஹியூவிட் மூன்றாவது கோலையும் அடித்தார்.

கேள்வி: விஸ்கி பாட்டில் கதை உண்மையா?

பதில்: உண்மை. செல்டிக்கை 1967-இல் ஐரோப்பியச் சாம்பியனாக்கிய பயிற்சியாளர் ஜாக் ஸ்டீனை ஃபெர்குசன் தம்முடன் கோதன்பர்க்குக்கு அழைத்துச் சென்றிருந்தார். ரியலின் பயிற்சியாளர் டி ஸ்டெஃபானோவுக்கு ஒரு நல்ல விஸ்கி பாட்டிலைப் பரிசளிக்கும்படி சொன்னவர் ஸ்டீன்தான். இறுதியாட்டத்துக்கு வந்ததே பெரும்பேறு என அபெர்டீன் மகிழ்வதாக எதிரணியை நினைக்க வைப்பதே அதன் நோக்கம்.

கேள்வி: பணத்தால் வாங்கப்பட்ட அணியா?

பதில்: இறுதியாட்டத்தில் களமிறங்கிய அனைவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள், பெரும்பாலோர் கழகத்திலேயே வளர்ந்தவர்கள். ஸ்ட்ராக்கன், மெக்கீ, பீட்டர் வியர் ஆகியோர்தான் வெளியிலிருந்து வாங்கப்பட்டவர்கள். வெற்றிக் கோலைப் பாருங்கள்: வியர் இடது ஓரத்தில் நீட்டிக் கொடுத்த பந்தை மெக்கீ துரத்திப் பிடித்து உள்ளே அனுப்ப, ரியலின் கோல்கீப்பர் முன்னேறி வந்து அதைத் தவறவிட, கழகத்தில் வளர்ந்த ஹியூவிட் பாய்ந்து தலையால் முட்டினார்.

கேள்வி: ஃபெர்குசன் வீரர்களிடம் மிகக் கடுமையாக நடந்துகொண்டார் என்பது நியாயமான குற்றச்சாட்டா?

பதில்: ஓரளவு நியாயமானதே. கோதன்பர்க் வெற்றிக்குப் பத்தே நாளில் ரேஞ்சர்ஸை வென்று ஸ்காட்டிஷ் கோப்பையையும் எடுத்த அணியை, ஆட்டம் மோசமாக இருந்ததென்று தொலைக்காட்சியிலேயே திட்டிவிட்டு, பிறகு அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அதே மனிதர்தான், அரையிறுதியில் பட்ட காயத்தால் இனி ஆடவே முடியாத நிலையிலிருந்த ஸ்டூவர்ட் கென்னடியை இறுதியாட்டத்தின் மாற்று வீரர் பட்டியலில் சேர்த்தார். ஒரு மாற்று வீரரின் இடத்தை இழந்தாவது அவருக்குச் செய்த அந்த மரியாதையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: ஒரு கோப்பையோடு எல்லாம் முடிந்துவிட்டதா?

பதில்: இல்லை. அதே டிசம்பரில் ஐரோப்பியச் சாம்பியன் ஹாம்பர்க்கை வென்று சூப்பர் கோப்பையைப் பெற்றார்கள். 1984-இல் லீக் பட்டம் வென்ற கையோடு ஸ்ட்ராக்கனும் மெக்கீயும் தடுப்பாட்டக்காரர் ரூக்வீயும் வெளியேறினார்கள். அவர்கள் இல்லாமலே 1985-இலும் பட்டத்தை அபெர்டீன் தக்கவைத்துக்கொண்டது. ஃபெர்குசன் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குச் சென்றது 1986 நவம்பரில்தான்.