படம் பிடிப்போர் பக்கம்: பழைய கேமரா வாங்கலாமா?

கேள்வி: வரும் தைப்பூசத்துக்கு எங்கள் பெரியப்பா மகன் காவடி எடுக்கிறார். இங்கே மொரீஷியஸில் கோர் தெ கார்த் மலைக்கோவில் வரை கூடவே போய்ப் படமெடுக்க ஆசை. கைபேசியில் எடுத்தால் கோவிலுக்குள் எல்லாம் கலங்கிப்போகிறது. தவணையில் புது மிரர்லெஸ் கேமராவைக் கிட் லென்ஸோடு (கேமராவுடன் சேர்த்தே விற்கும் சாதாரண லென்ஸ்) வாங்கலாம். அல்லது தெரிந்தவர் ஒருவர் விற்கும் பழைய நிக்கான் டி5600-ஐ 18–55 லென்ஸோடு வாங்கலாம். எதை வாங்குவது?
– வாசகி, காத்ர் போர்ன்

பதில்: பழையதையே வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஏஎஃப்-எஸ் 35 மி.மீ. எஃப்1.8ஜி லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் பழையதாகவே இருக்கலாம்.

கோவிலுக்குள் படம் கலங்குவது வெளிச்சம் போதாமல்தான். கிட் லென்ஸை முழுவதும் ஜூம் செய்தால் அதன் துவாரம் எஃப்5.6-க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது). எஃப்1.8 அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு, கூடக்கூடப் படத்தில் புள்ளி தட்டும்) 6400 வைத்து எடுக்கும் படத்தை, அதே ஷட்டர் வேகத்தில் ஐஎஸ்ஓ 640-இல் எடுத்துவிடலாம். புது கேமராவின் சென்சார் (படம் பதியும் சில்லு) எவ்வளவு தேறியிருந்தாலும் இந்தப் பத்து மடங்கை ஈடுகட்டாது. ஒன்று மட்டும் கவனம்: எஃப்1.8-இல் கிட்டே நின்று எடுத்தால் கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் விழும். ஃபோகஸ் புள்ளியைக் கண்மேல் வையுங்கள்.

லென்ஸ் வாங்கும்போது பெயரில் 'ஏஎஃப்-எஸ்' (லென்ஸுக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் உள்ள வகை) இருக்கிறதா என்று பாருங்கள். 'ஏஎஃப்-டி' வகைப் பழைய லென்ஸ்கள் மலிவாக வரும். ஆனால் டி5600-இன் உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அவற்றை மாட்டினால் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். நடந்துவரும் காவடிக்கு அது ஒத்துவராது.

பணம் கொடுப்பதற்கு முன் மூன்று சோதனைகள். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்திவலைபோல் வெள்ளை இழை தெரிந்தால் வேண்டாம். துவாரத்தை எஃப்16-இல் வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரை இரண்டு மூன்று இடங்களில் படமெடுங்கள். எல்லாப் படத்திலும் அதே இடத்தில் கரும்புள்ளி இருந்தால் சென்சாரில் தூசி. அது துடைத்தால் போகும், விலையைக் குறைத்துக் கேட்கலாம். பேட்டரியை வெளியே எடுத்துத் தடவிப் பாருங்கள். வயிறு உப்பியிருந்தால் புது பேட்டரிக்கான பணத்தையும் கணக்கில் சேருங்கள்.

தைப்பூசத்தன்று ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே போகவேண்டாம். காவடி ஆடும்போது 1/500. ஐஎஸ்ஓ-வைத் தானியங்கியில் விட்டு, உச்சவரம்பை 6400-இல் நிறுத்துங்கள். காவடி எடுப்பவருக்கு முன்னால் பின்னோக்கி நடந்து வழியை மறிக்காதீர்கள், வெயிலில் கொதிக்கும் தாரில் அவர் வெறுங்காலோடு நிற்க நேரும். அலகு குத்தும்போது கிட்டே போவதானால் முன்கூட்டியே அவரிடமும் கோவிலாரிடமும் கேட்டுவையுங்கள்.

கேள்வி: போன தடவை எடுத்த காவடிப் படங்களில் முகம் இருட்டு, கண் இருக்குமிடத்தில் கறுப்புக் குழி. ரோஜா நிற வேட்டியோ மடிப்பே தெரியாமல் ஒரே பூச்சாக வந்துவிட்டது. கேமராவின் குறையா?
– வாசகர், போர்ட் லூயிஸ்

பதில்: கேமராமேல் குறையில்லை. நம் தீவு தெற்கே 20 பாகையில் இருக்கிறது. ஜனவரி பிற்பகுதியில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே நிற்கும். நெற்றி மேட்டின் நிழல் அப்படியே கண்ணில் விழுகிறது, அதன்மேல் காவடியின் நிழல் வேறு. ஊர்வலம் புறப்படும் காலை வேளையில், ஒன்பது மணிக்குள், முகப் படங்களை முடித்துக்கொள்ளுங்கள். நண்பகலில் எடுத்தே ஆகவேண்டுமென்றால் மரநிழலின் உள்ளோரத்தில் நின்று காத்திருங்கள். காவடி எடுப்பவர் நிழலுக்குள் காலடி வைத்ததும், வெயில் படும் ரோட்டிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் கீழிருந்து முகத்தில் ஏறும். கண் தானாகத் திறந்து தெரியும்.

ரோஜா நிறத்தின் சங்கதி வேறு. அந்த நிறத்தில் சிவப்பு மிக அதிகம். சென்சாரின் சிவப்புப் பங்கு மட்டும் நிரம்பி வழிந்துவிட, பச்சைக்கும் நீலத்துக்கும் இடம் மிச்சமிருக்கும். வெளிச்சத்தை மட்டும் காட்டும் சாதாரண ஹிஸ்டோகிராமில் (கேமரா திரையில் வரும் வெளிச்ச வரைபடம், இடது இருட்டு, வலது வெளிச்சம்) இது பிடிபடாது. மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது சுவரில் மோதுகிறதா என்று பாருங்கள். மோதினால் எக்ஸ்போஷரை (படத்தின் மொத்த வெளிச்சத்தை) 0.7 ஸ்டாப் குறையுங்கள். முகம் இன்னும் இருண்டுபோகுமே என்றால், அதற்காகத்தான் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 'ரா' கோப்பில் எடுக்கச் சொல்வது: இருண்ட முகத்தைப் பிறகு கணினியில் தூக்கிவிடலாம், வழிந்துபோன சிவப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கேள்வி: லென்ஸுக்குள் வெள்ளையாகப் படர்கிறது. துடைத்தால் போகுமா?
– வாசகர், க்யூர்பிப்

பதில்: உள்ளே இருப்பதால் வெளியே துடைத்துப் பயனில்லை. அது பூஞ்சை. பழுதுபார்ப்பவரிடம் சீக்கிரம் கொடுங்கள். நாள் போகப்போகக் கண்ணாடிமேல் உள்ள பூச்சை அரித்துவிடும், அரித்த தடம் மறையாது. விலை குறைந்த கிட் லென்ஸ் என்றால் பழுதுபார்க்கும் செலவில் இன்னொன்றே வாங்கிவிடலாம்.

க்யூர்பிப் மழையிலும் மூடுபனியிலும் பீரோவுக்குள் தோல்பையில் கேமராவை வைப்பது பூஞ்சைக்குப் பாய் விரிப்பதுபோல்தான். தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மூடியில் ரப்பர் வளையம் உள்ள 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, 250 கிராம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் போதும். ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையே நிற்கட்டும். 55-ஐத் தாண்டினால் ஜெல்லைத் தட்டில் பரப்பி, 110 டிகிரி செல்சியஸ் அடுப்பில் (அவனில்) இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து, ஆறிய பிறகு திரும்பப் போடுங்கள். ஈரமே கூடாதென்று 30-க்குக் கீழே இறக்கவும் வேண்டாம், ரப்பர் பாகங்கள் காய்ந்துபோகும்.

கேள்வி: ஃபிளிக் என் ஃபிளாக் கடற்கரையில் படமெடுத்து வந்தபின் ஜூம் வளையம் கரகரக்கிறது.
– வாசகி, வாக்வா

பதில்: மணல் புகுந்திருக்கிறது. இனி அந்த வளையத்தைத் திருகவே வேண்டாம், திருகத் திருக மணல் உள்ளே இறங்கும். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் ஊதுபையால் வளையத்தின் இடுக்கில் ஊதுங்கள். அழுத்தக் காற்று டப்பா வேண்டாம், அது மணலை உள்ளே தள்ளும். கரகரப்பு நிற்காவிட்டால் பிரித்துத்தான் எடுக்கவேண்டும். அடுத்த முறை லென்ஸ் மாற்றும் வேலையைக் காருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, அதன்பின் உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள்.