பெரிய டிஸ்க் போட்டால் போதுமா? காரின் முன் பிரேக் மேம்பாடு குறித்த கேள்வி பதில்

கேள்வி: முன் பிரேக்கைப் பெரிதாக்கினால் வண்டி நிற்கும் தூரம் எவ்வளவு குறையும்?

ஒரே ஒரு முறை அவசரமாக மிதித்து நிறுத்துவதைக் கேட்கிறீர்கள் என்றால், அநேகமாகக் குறையாது. இப்போதுள்ள பிரேக்கே ஏபிஎஸ்ஸை (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்ய வைக்கிறதா? அப்படியானால் சக்கரத்தைப் பிடிக்கும் வலு அதில் ஏற்கெனவே இருக்கிறது. மிச்சம் டயரின் கையில்தான். தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு கேலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பகுதி) தேடாதீர்கள்.

பெரிய டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) தருவது சூடு தாங்கும் திறன். 100 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டியில் 50 கி.மீ. வேகத்தில் இருப்பதைப்போல 4 மடங்கு ஆற்றல் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது அதில் பெரும்பங்கு முன் டிஸ்க்குகளில் சூடாக இறங்குகிறது. நீண்ட இறக்கத்திலோ, முழுச் சுமையோடு அடிக்கடி வேகம் குறைக்கும்போதோ பிடிப்பு மங்கினால்தான் இந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு.

கேள்வி: மலை இறக்கத்தில் எனக்கு அப்படித்தான் ஆகிறது சார். பேட் கோளாறா, ஆயில் கோளாறா?

பெடலே சொல்லிவிடும். பெடல் கெட்டியாக நின்றும் வண்டி நிற்க மறுத்தால், பேட், அதாவது டிஸ்க்கில் உரசும் கட்டை, அதன் வெப்ப எல்லையைத் தாண்டி உராய்வை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சுபோல் உள்ளே இறங்கினால், கேலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை இறங்கும். டாட் (DOT) என்பது பிரேக் ஆயிலின் தர வகை. அந்தத் தர அளவுப்படி டாட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது; ஏபிஎஸ் வண்டிக்கும் அது ஆகாது. முதலில் புது டாட் 4 ஆயிலும், வெப்பம் தாங்கும் நல்ல பேட்டும் போட்டுப் பாருங்கள். பலருக்கு வேலை அதோடு முடிந்துவிடும். பந்தயத்துக்கான பேட் மட்டும் வேண்டாம்: காலையில் குளிர்ந்த டிஸ்க்கில் முதல் மிதிக்கு அது பிடிக்காது.

கேள்வி: அதே நிறுவனத்தின் பெரிய மாடலிலிருந்து டிஸ்க்கும் கேலிப்பரும் எடுத்துப் போடலாமா? என்னுடையது 256 மி.மீ. டிஸ்க், 54 மி.மீ. பிஸ்டன், அதில் 280, 57.

வீட்டில் செய்வதற்கு ஏற்ற வழி இதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிஸ்டன் பரப்பு 22.9 சதுர செ.மீ.-லிருந்து 25.5 ஆகிறது, சுமார் 11 சதவீதம் கூடுதல். பேட் அழுத்தும் நடுப்புள்ளி டிஸ்க் விளிம்பிலிருந்து 25 மி.மீ. உள்ளே என்று வைத்தால், ஆரம் 103 மி.மீ.-லிருந்து 115 ஆகிறது. அதுவும் ஏறத்தாழ 12 சதவீதம். இரண்டையும் பெருக்கினால், அதே பெடல் அழுத்தத்தில் முன் பிரேக்கின் விசை கிட்டத்தட்ட 24 சதவீதம் கூடும்.

பின் பிரேக் அப்படியே இருப்பதால் முன் சக்கரம் முன்னைவிடச் சீக்கிரம் பூட்டும். பிஸ்டன் பெரிதானதால் மாஸ்டர் சிலிண்டர் தள்ளவேண்டிய ஆயிலும் 11 சதவீதம் கூடி, பெடல் சற்று ஆழமாக இறங்கும். இந்த அளவு பொதுவாகச் சமாளிக்கக்கூடியதே. உங்கள் மாடலின் உயர் ரகத்தில் இதே ஜோடி, இதே மாஸ்டர் சிலிண்டரோடு வந்திருந்தால் கவலையே இல்லை.

கேள்வி: நாலு பிஸ்டன் கேலிப்பர் என்றால் நாலு மடங்கு பிடிக்குமா?

இல்லை. நகரும் வகைக் கேலிப்பரில் ஒரு பக்கப் பிஸ்டன் தள்ள, கேலிப்பர் நகர்ந்து மறுபக்கப் பேட்டை இழுக்கிறது. நிலையான வகையில் இரு பக்கமும் பிஸ்டன் உண்டு. ஒப்பிடும்போது ஒரு பக்கத்தை மட்டும் எண்ண வேண்டும். 38 மி.மீ. பிஸ்டன் நான்கு உள்ள கேலிப்பரில் ஒரு பக்கத்துக்கு 22.7 சதுர செ.மீ. ஒற்றை 54 மி.மீ. பிஸ்டனும் ஏறக்குறைய அதேதான். கூடுதல் விறைப்பும் பேட் சீராகத் தேய்வதும்தான் லாபம்.

கேள்வி: ஓட்டை போட்ட டிஸ்க்?

சாலை வண்டிக்குத் தேவையில்லை. நாளடைவில் ஓட்டைகளைச் சுற்றி விரிசல் விடும். சாதாரண டிஸ்க் போதும். கோடு வெட்டியது வேண்டுமானால் போடலாம்.

கேள்வி: மாற்றும் வேலையை வரிசையாகச் சொல்ல முடியுமா அண்ணா?

பெரிய டிஸ்க்கும் கேலிப்பரும் சேர்ந்து சக்கரத்துக்குள் அடங்குமா என்று முதலில் பாருங்கள். கேலிப்பரின் வெளிவடிவத்தை அட்டையில் வெட்டி வீலுக்குள் வைத்துச் சுற்றுங்கள். எல்லாப் பக்கமும் 3 மி.மீ.-யாவது இடைவெளி வேண்டும். உட்புறம் ஒட்டியிருக்கும் பேலன்ஸ் எடைகளை மறக்காதீர்கள்.

சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்தி, பிறகு தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது.

கேலிப்பரைக் கழற்றினால் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் எடை விழக் கூடாது. பழைய டிஸ்க் வந்தபின் ஹப்பின் (டிஸ்க் உட்காரும் மையப் பகுதி) முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேயுங்கள். பலர் தாண்டிப் போகும் இடம் இதுதான், பின்னால் அதிகம் வருத்துவதும் இதுதான். பேட் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். புது டிஸ்க்கில் துருத்தடுப்பு எண்ணெய் பூசியிருக்கும். அதையும் இரு பக்கமும் துடைத்தெடுக்க வேண்டும்.

கேலிப்பர் நகர்ந்து செல்லும் பின்களுக்கு (pin) சிலிக்கோன் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து, அந்தப் பின்கள் இறுகி, ஒரு பேட் மட்டும் தேயும். ஹோஸ் இணையும் போல்ட்டுக்கு இரு பக்கமும் புதுச் செப்பு வாஷர். எல்லா போல்ட்டையும் வண்டியின் கையேட்டிலுள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கேலிப்பர் வேறு மாடலுடையது என்றால், அதன் போல்ட்டுகளுக்கு அந்த மாடலின் அளவு. ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: எல்லாம் முடித்து, பிரேக் குழாயில் புகுந்த காற்றை ஒரு லிட்டர் ஆயில் தீரும்வரை எடுத்துவிட்டேன். பெடல் இன்னும் பஞ்சுதான்.

காற்று எடுக்கும் நிப்பிள் கேலிப்பரின் உச்சியில் இருக்கிறதா? கீழே இருந்தால் இடது வலது மாற்றி மாட்டியிருக்கிறீர்கள். காற்று மேலேதான் தங்கும். எத்தனை லிட்டர் ஊற்றினாலும் வெளியே வராது.

நிப்பிள் சரியான இடத்தில்தான் என்றால் அடுத்த சந்தேகம், வேலைக்கு நடுவே ஆயில் டப்பா வற்றி ஏபிஎஸ் பகுதிக்குள் காற்று நுழைந்திருப்பது. பல வண்டிகளில் ஸ்கேனரை இணைத்து அதன் வால்வுகளை இயக்கினால்தான் அந்தக் காற்று வரும். பழைய வண்டியில் பெடலை அடிவரை மிதித்துக் காற்று எடுக்காதீர்கள். வழக்கமாக நகராத, துருவேறிய பகுதியில் உரசி மாஸ்டர் சிலிண்டரின் சீல் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்துக்கொள்ளுங்கள். பெடல் கெட்டியாகும்வரை வண்டியை நகர்த்தவே கூடாது.

கேள்வி: மாற்றி 3000 கி.மீ. ஆச்சு, பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

பெரும்பாலும் வளைவதில்லை. ஹப்பில் துரு மிஞ்சியிருந்தால் டிஸ்க் சாய்ந்து உட்காரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேட்டில் உரசி, அங்கே தடிமன் மாறும். அந்தத் தடிமன் வேறுபாடுதான் கைக்கு ஆட்டமாக வருகிறது. உடனே தெரியாமல் சில ஆயிரம் கி.மீ. கழித்து வருவதும் அதனால்தான். டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்து டிஸ்க்கைச் சுற்றிப் பாருங்கள். பல வண்டிகளுக்கு வரம்பு 0.05 மி.மீ. அளவில்தான் இருக்கும். ஹப்பைச் சுத்தம் செய்து, டிஸ்க்கை ஒரு போல்ட் துளை தள்ளி மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். தடிமன் ஏற்கெனவே மாறியிருந்தால் கடைசல் பிடிக்க வேண்டும், அல்லது புதிது.

கேள்வி: புது பேட்டை எப்படிப் பழக்குவது?

ஆளில்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, நடுத்தர அழுத்தத்தில், 8 முதல் 10 முறை. ஒவ்வொன்றுக்கும் இடையே அரை நிமிடம் ஓட்டுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள்: சூடான டிஸ்க்கில் பேட் அழுந்தி நின்றால் அந்த இடத்தில் பேட்டின் பூச்சு திட்டாகப் படியும். முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். வீடு வந்ததும் ஹோஸ் இணைப்புகளிலும் நிப்பிளிலும் காகிதத்தால் ஒற்றிக் கசிவு பாருங்கள். டப்பாவில் ஆயில் மட்டத்தையும் அன்றே ஒருமுறை, மறுநாள் ஒருமுறை.