ஸ்கூட்டி கேள்வி-பதில்: சிசி பிறகு, முதலில் சீட்டும் பாரமும்

கேள்வி: வயது 67, பென்ஷன்காரன். இவ்வளவு காலமும் 90 சிசி மோட்டார் சைக்கிள்தான். இப்போது முழங்கால் கியர் போட விடுகுதில்லை. களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு மாதம் இரண்டு தரம் மனைவியையும் ஏற்றிப் போகவேணும். 155 சிசி பெரிய ஸ்கூட்டி எடுக்கச் சொல்கிறார் மகன். எடுக்கலாமா?

பதில்: ஐயா, முதலில் உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் ஏ1 மட்டும் இருந்தால் 100 சிசிக்கு மேல் எதையும் ஓட்ட முடியாது. 110 சிசி ஸ்கூட்டிக்கும் ஏ பிரிவு வேண்டும். அந்தப் பிரிவு இல்லாமல் ஓடி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது.

155 வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. யமஹா என்மேக்ஸ், ஹொண்டா பிசிஎக்ஸ் போன்றவை 130 கிலோ அளவில் இருக்கும். சுசுகி அக்சஸ் 125 ஏறத்தாழ 103 கிலோ, பேர்க்மன் ஸ்ட்ரீட் 125 ஏறத்தாழ 110 கிலோ. ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் வயதானவர்கள் ஸ்கூட்டியோடு சரிவது பெரும்பாலும் நிற்கும்போதும், முற்றத்தில் திருப்பும்போதும், ஸ்டாண்ட் போடும்போதும்தான். அந்த நேரத்தில் கூடுதலாக உள்ள 20 கிலோ முழுவதையும் உங்கள் முழங்கால்தான் தாங்க வேண்டும். இன்னொன்று, அந்தப் பெரிய வண்டிகளில் கால் வைக்கும் இடத்தின் நடுவில் மேடு இருக்கும். ஏறும்போதெல்லாம் காலைத் தூக்கிப் போடவேணும். அக்சஸ், பேர்க்மன், ஹொண்டா டியோ எல்லாவற்றிலும் தளம் சமமாக இருப்பதால் காலை நேரே உள்ளே எடுத்து வைக்கலாம். கல்முனை வீதி மேடு பள்ளமில்லாத வீதி, இரண்டு பேருக்கு 125 தாராளம்.

கடையில் சும்மா ஏறிப் பார்த்துவிட்டு வராதீர்கள். வழக்கமாகப் போடும் செருப்போடு உட்காருங்கள், பின்னால் மனைவியையும் உட்காரச் சொல்லுங்கள். இரண்டு பாதத்தின் முன்பாதியாவது நிலத்தில் உறுதியாகப் பதிய வேண்டும். பட்டியலில் சீட் உயரம் குறைவாக இருந்தாலும், சீட் அகலமென்றால் தொடை விரிந்து கால் எட்டாது. பிறகு எஞ்சினை நிறுத்திப் பத்து அடி பின்னுக்குத் தள்ளுங்கள். நடு ஸ்டாண்டை மூன்று தரம் போட்டு எடுங்கள். அதற்குக் கைப்பலம் தேவையில்லை. ஸ்டாண்டின் இரண்டு காலும் நிலத்தில் பட்டதை உணர்ந்த பிறகு வலது காலால் உடம்புப் பாரம் முழுவதையும் அதில் இறக்கினால் வண்டி தானே ஏறும். ஒரு கால் மட்டும் பட்டிருக்கும்போது மிதித்தால் வண்டி சரியும். இந்தப் பரிசோதனையில் ஒன்று தவறினாலும் அந்த மொடலை விட்டுவிடுங்கள்.

ஓட்டத்தில் ஒரு பழக்கத்தை மாற்றவேணும். கியர் வண்டியில் கிளட்ச் உங்கள் கையில். ஸ்கூட்டியில் எக்சிலேட்டரை முழுக்க விட்டால் மெதுவோட்டத்தில் கிளட்ச் தானே கழன்றுவிடும், இழுவை போய் வண்டி ஆடும். சந்தியில் திரும்பும்போது எக்சிலேட்டரைக் கொஞ்சம் பிடித்தபடி பின் பிரேக்கை மெல்லத் தொட்டுக்கொண்டு திரும்புங்கள். எஞ்சின் ஓடும்போது ஒருநாளும் இறங்கித் தள்ள வேண்டாம். வலது கைப்பிடி தெரியாமல் திரும்பினால் வண்டி பாய்ந்துவிடும்.

மனைவி சாரியோடு ஒரு பக்கமாக உட்காருவதானால், சில்லுப் பக்கம் சாரிக் காவல் கம்பியும் கால் வைக்கும் பலகையும் கட்டாயம். முந்தானையை இடுப்பில் செருகவேணும். பெரும்பாலான 110–125 ஸ்கூட்டிகளுக்கு முன் டயர்க் காற்றழுத்தம் 22 பிஎஸ்ஐ. பின் டயர் தனியே போனால் 29, ஆள் ஏற்றினால் 36. கைநூலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி.

கேள்வி: அக்கரைப்பற்றில் 2018 ஸ்கூட்டி ஒன்று பார்த்தேன். "ஓபன் பேப்பரில் தருகிறேன், பிறகு மாற்றலாம்" என்கிறார் விற்பவர்.

பதில்: வாங்காதீர்கள். ஓபன் பேப்பர் என்றால் பெயர் மாற்றாமல், விற்பவர் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டியைத் தருவது. விற்றவரின் பெயரில் வண்டி இருக்கும்வரை நீங்கள் சட்டப்படி உரிமையாளர் அல்ல. சீ.ஆரில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனி பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியிலேயே துடைத்து வாசித்து, சீ.ஆரோடு ஒப்பிடுங்கள். எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 என்ற உரிமை மாற்றப் படிவங்களை நிரப்பி, திகதி போட்டு, உங்கள் முன்னிலையில் கையெழுத்து வாங்கிய பிறகே காசைக் கையில் கொடுங்கள்.

வண்டியில் உப்பையும் வெள்ளத்தையும் தேடுங்கள். சீட்டைத் தூக்கி அடிச்சட்டத்தையும், சைலன்சரின் அடிப்பக்கத்தையும், நடு ஸ்டாண்ட் பொருத்தப்பட்ட இடத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். கரையோரத்தில் நின்ற வண்டி அங்கேதான் முதலில் துருப்பிடிக்கும். எஞ்சின் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. டயர் ஓரத்தில் உள்ள நாலு எண்ணையும் வாசியுங்கள்: 2318 என்றால் 2018இன் 23ஆவது வாரம். பூ தேயாமல் இருந்தாலும் அந்த டயர் இறுகிப் போயிருக்கும், மழையில் வழுக்கும். இரண்டு டயருக்கும், எஞ்சின் இழுவையைப் பின் சில்லுக்குக் கடத்தும் பெல்ட்டுக்கும் ஆகும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

புது வண்டியைக் கடையில் வாங்கி ஏமாந்தவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் சொல்லலாம். எழுத்து முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடவேணும். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: மார்கழி மழையில் வெள்ளத்துக்குள்ளால் வந்த பிறகு எஞ்சின் இரைகிறது, வண்டி நகருதில்லை.

பதில்: பெல்ட் நனைந்து வழுக்குகிறது. நடு ஸ்டாண்டில் விட்டு, பெல்ட் மூடியின் அடியில் உள்ள வடிகால் இறப்பரைக் கழற்றித் தண்ணீரை வடியவிடுங்கள். ஓடாமல் ஐந்து பத்து நிமிடம் எஞ்சினை மட்டும் இயங்கவிட்டால் பெரும்பாலும் காய்ந்துவிடும். காய்ந்த பிறகும் புறப்படும்போது உதறினால் கிளட்ச் மணியை (கிளட்ச் உரசிப் பிடிக்கும் கிண்ணத்தை) கழற்றித் துப்புரவாக்கவேணும். ஆனால் தண்ணீருக்குள் எஞ்சின் தானே நின்றிருந்தால் ஸ்டார்ட் பட்டனைத் தொடவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சுழற்றினால் பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். தள்ளிக்கொண்டே கராஜுக்குப் போய் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, எஞ்சின் ஒயில், கியர் ஒயில், எயார் பில்டர் மூன்றையும் மாற்றச் சொல்லுங்கள்.