‘நேர்மை’ என்று எழுதி வைத்தால் போதுமா?

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இருபது பேர் கொண்ட குழுவுக்குத் தலைவராகியிருக்கிறேன். நேர்மை, வெளிப்படைத்தன்மை, பயனர் நலன் என்று என் கொள்கைகளை எழுதி வைத்திருக்கிறேன். வெளியீட்டுத் தேதி நெருங்கினால் எல்லாம் காற்றில் போய்விடும் என்கிறார்கள் மூத்தவர்கள். கொள்கையை விடாமல் இந்த வேலையில் மேலே வர முடியுமா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் மூன்று சொற்களையும் யாரும் மறுக்கப்போவதில்லை. அதனால்தான் நெருக்கடியில் அவை உதவாது. ‘நேர்மை’யை அடித்துவிட்டு, ‘நடத்தாத சோதனையை நடத்தியதாகக் காட்டும் அறிக்கையில் கையெழுத்திட மாட்டேன்’ என்று எழுதுங்கள். ‘வெளிப்படைத்தன்மை’க்குப் பதில், ‘பயனர் தரவு கசிந்தது தெரிந்த அன்றே சட்டப் பிரிவுக்கு எழுத்தில் தெரிவிப்பேன்’ என்று எழுதுங்கள். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கண்காணிப்பு அமைப்புக்குத் தகவல் சொல்லத் தரும் கெடு 72 மணி நேரம். யோசிக்க உட்கார்ந்தால் அது கரைந்துவிடும். நீங்கள் மீறினீர்களா இல்லையா என்று இன்னொருவர் பார்த்துச் சொல்ல முடியவேண்டும். அப்படி மூன்று நான்கு வரி இருந்தால் போதும்.

மூத்தவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1986 ஜனவரி 27 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்ப வேண்டும். அதன் பக்கவாட்டு ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், இணைப்புகளில் சூடான வாயு கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்துவிடும், 53 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். பொறியியல் துணைத் தலைவர் ராபர்ட் லண்டும் அதையே சொன்னார். நாசா அதிகாரிகள் ஆட்சேபிக்கவே, நிறுவனம் தனியாகப் பேச அவகாசம் கேட்டது. அப்போது மேலதிகாரி ஒருவர் லண்டிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியை மாட்டிக்கொள்ளச் சொன்னார். லண்ட் மாறினார். பொறியாளர்கள் அதே அறையில் இருந்தும் நான்கு நிர்வாகிகளே முடிவெடுத்தார்கள். ஏவிய 73ஆம் நொடியில் விண்ணோடம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

விசாரணைக் குழுவிடம் லண்ட் சொன்னதை நன்றாகக் கவனியுங்கள். வழக்கமாக ‘ஏவத் தயார்’ என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். அன்றோ ‘தயாரில்லை’ என்று நிரூபிக்கும் நிலைக்கு ஆளானோம் என்றார். உங்கள் கூட்டத்தில் இது, “உடையும் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?” என்ற கேள்வியாக வரும். யாராலும் முடியாது. “உடையாது என்பதற்கு எந்தச் சோதனை முடிவு கையில் இருக்கிறது?” என்று உடனே திருப்பிக் கேளுங்கள்.

இதைக் கேட்கும் துணிவு அந்த நேரத்தில் தானாக வராது. வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்பே, எந்தெந்தக் குறை இருந்தால் நிறுத்துவோம், நிறுத்தும் உரிமை யாருக்கு என்று எழுதிவிடுங்கள். தேதியைப் பிடித்தால் ஊக்கத்தொகை பெறுபவரிடம் அந்த உரிமையைக் கொடுக்காதீர்கள். கூட்டத்தில் இளையவர் முதலில் பேசட்டும், நீங்கள் கடைசியில். தெரிந்த குறையோடு வெளியிடத்தான் வேண்டுமென்றால் குறை என்ன, யாருக்குப் பாதிப்பு, ஏற்றுக்கொண்டவர் யார், எந்தத் தேதி வரை என்று பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது அந்தக் கடைசித் தேதிதான். விண்ணோட ராக்கெட்டுகளின் அந்த ரப்பர் வளையங்கள் அரிக்கப்படுவது முந்தைய பயணங்களிலேயே தெரிந்திருந்தது. ஒவ்வொரு முறை தப்பியதும் அடுத்த முறைக்குச் சான்றாகிவிட்டது.

மேலதிகாரி வாய்மொழியாக மறைக்கச் சொன்னால், ‘நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?’ என்று அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். குற்றச்சாட்டு வேண்டாம். பாதிப் பேர் இதிலேயே பின்வாங்குவார்கள் என்பது என் கணிப்பு. பின்வாங்காவிட்டால் அடுத்த மேல்நிலைக்கோ தணிக்கைக் குழுவுக்கோ போங்கள். நிறுவனக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். ரகசியம் மீறினீர்கள் என்று அதைக் காட்டியே வெளியேற்றலாம். நிறுவன வழக்கறிஞர் நிறுவனத்துக்காகப் பேசுபவர், உங்களுக்காக அல்ல.

மறைத்ததற்கு விலை கொடுப்பது யார் என்று பாருங்கள். 2016இல் ஊபரில் 5 கோடியே 70 லட்சம் பேரின் தரவு திருடுபோனபோது, திருடியவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து, அதை, மென்பொருளில் பிழை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கான பரிசாகக் காட்டி மூடி மறைத்தார்கள். பாதுகாப்புத் தலைமை அதிகாரி ஜோ சலிவன் 2022இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மறு ஆண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். அன்றைய தலைமைச் செயல் அதிகாரி மீது வழக்கே இல்லை.

மேலே வர முடியுமா என்றால், சில நிறுவனங்களில் முடியாது. ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கட்டும். ‘முடியாது’ என்று சொல்லும் குரல் அப்போதுதான் நடுங்காமல் வரும். அடுத்த நேர்காணலில் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: “இங்கே கடைசியாக ஒரு வெளியீட்டை நிறுத்தியவர் யார்? அவர் இப்போது என்ன பொறுப்பில் இருக்கிறார்?”