காலி வயலைத் தோண்டுவது வீண் வேலையா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பக்கம் குடியிருக்கிறேன். இங்கே வரப்போகும் புதுக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். போன மாதம் இடத்தைப் பார்க்கப் போனால் வயல் முழுக்க நீள நீளமாகப் பள்ளம். கட்டுமானத்துக்கு முந்தைய தொல்லியல் சோதனையாம். பன்னிரண்டு குழியில் ஒன்றில் மட்டும் பழைய வாய்க்கால் தடம் மாதிரி ஏதோ தெரிந்ததாம். இதனால் மூன்று மாதம் தாமதம். செலவு கட்டுகிறவர் தலையில், அதாவது கடைசியில் எங்கள் தலையில். கீழடிச் செய்தி ஒவ்வொன்றையும் தேடிப் படிக்கிறவன்தான் நான். ஆனால் எதுவுமே இல்லாத வயலைத் தோண்டுவது வீண் இல்லையா?

கே.

அன்புள்ள கே.,

மூன்று மாத வாடகை சின்ன விஷயமில்லை. சோதனையை முடித்துவிட்டுத்தான் உங்களிடம் முன்பணம் வாங்கியிருக்க வேண்டும். உங்கள் கோபம் அங்கே போனால் நியாயம், குழிகள் மேல் வேண்டாம். 'எதுவுமே இல்லாத வயல்' என்று தோண்டிப் பார்த்த பிறகுதானே சொல்ல முடிகிறது?

உங்கள் வில்ட்ஷயரிலேயே ஏம்ஸ்பரி இருக்கிறது, ஸ்டோன்ஹெஞ்சுக்குச் சில மைல் தள்ளி. 2002 மே மாதம் அங்கே வீடுகளும் ஒரு பள்ளிக்கூடமும் வரவிருந்த நிலத்தைத் தோண்டினார்கள். ரோமானியர் காலத்து இடுகாடு ஒன்று இருப்பது தெரிந்திருந்தது, அதை ஆய்வதுதான் வேலை. ஒரு ஓரத்தில் மண் நிறம் மாறிய இரண்டு இடங்கள். மரம் சாய்ந்து வேர் பெயர்ந்த பள்ளமாக இருக்கும் என்று நினைத்தார்கள். மண்ணை அள்ளினால் உள்ளே ஒரு மனிதன்.

சுமார் 4,300 ஆண்டுக்கு முன் புதைத்த ஆள். இடது முழங்கால் சில்லு இல்லை, ஆகவே நொண்டித்தான் நடந்திருப்பார். சுற்றிலும் ஐந்து மண்குவளை, மூன்று செம்புக் கத்தி, கல் அம்பு முனைகள், ஒரு ஜோடி தங்க அணி. பிரிட்டனில் கிடைத்த மிகப் பழைய தங்கங்களில் ஒன்று அது. எனக்கு அதைவிடப் பெரிது அவருடைய பல். சிறுவயதில் குடித்த தண்ணீரின் தடயம் பல் எனாமலில் அப்படியே தங்கிவிடும். அதைச் சோதித்தபோது, அவர் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் வளர்ந்தவராக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. பொக்லைன் முதலில் இறங்கியிருந்தால் தங்கம் யார் கண்ணிலாவது பட்டிருக்கலாம். பல்லை யார் தேடியிருப்பார்கள்?

கட்டுகிறவரே செலவு செய்யும் வழக்கம் அங்கும் பழையதல்ல. 1989இல் லண்டனில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குத் தோண்டும்போது ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது, 1587இல் கட்டியது. அதைக் காப்பாற்ற நடிகர்களும் பொதுமக்களும் தெருவுக்கு வந்தார்கள். மறு ஆண்டு, 1990இல், அரசு புது வழிகாட்டுதல் வெளியிட்டது. நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று கட்ட அனுமதி தருவதற்கு முன்பே பார்க்க வேண்டும், நிலத்தைக் கலைக்கிறவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற நடைமுறை அதிலிருந்து வேரூன்றியது. முதலில் பழைய வரைபடங்களும் பதிவேடுகளும், தேவைப்பட்டால் தோண்டாமலே மண்ணுக்கடியில் தடம் பார்க்கும் காந்தப்புல அளவீடு, பிறகு சோதனைக் குழி. நிலத்தில் சில சதவீதம்தான் தோண்டுவார்கள். பொக்லைனில் பல் இல்லாத வாளியை மாட்டி, தோல் சீவுவது போல மண்ணை எடுப்பார்கள். உங்கள் பக்கத்துச் சுண்ணாம்பு நிலத்தில் பழைய வாய்க்கால், வெள்ளை வேட்டியில் காபி சிந்திய மாதிரி பழுப்பாகத் தெரியும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் ஊரில் மாமா வீட்டுக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டினார்கள். கடப்பாரை ஒரு முதுமக்கள் தாழியின் விளிம்பில் இறங்கியது. உள்ளே மண்ணோடு மண்ணாகக் கறுப்பு சிவப்புக் கிண்ணங்கள், தொட்டால் உதிரும் எலும்பு. வெளியே தெரிந்தால் வேலை நின்றுவிடும் என்று பெரியவர்களுக்குப் பயம். பொழுது சாயும் முன் எல்லாம் ஏரிக்கரைப் பள்ளத்துக்குப் போய்விட்டது. கொத்தனார் கொடுத்த சின்னக் கிண்ணம் ஒன்றைக் கழுவி, பல நாள் கோலி போட்டு வைத்திருந்தேன். அந்தக் கழுவலில் என்ன போனதோ என்று இன்றைக்கும் உறுத்துகிறது. பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில், ஒரு ஈமக்குழியில் நான்கு கால் ஜாடிக்குள் இருந்த நெல்லை வைத்துத்தான் அதன் காலத்தை கி.மு. 490 வாக்கில் என்று கணித்தார்கள். எங்கள் தாழியிலும் நெல் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மாமா மேல் எனக்குக் கோபமில்லை. கடன் வாங்கி வீடு கட்டியவர் அவர். நம் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். அந்த வட்டத்துக்கு வெளியே வீட்டுக்கு வானம் தோண்டும் முன் யாரும் வந்து பார்ப்பதில்லை. வந்து, பார்த்து, நாலு நாளில் எழுதி எடுத்துக்கொண்டு போக ஆளும் பணமும் இருந்தால் ஏன் ஒளிக்கப் போகிறார்கள்?

இன்னொன்று. தோண்டிய இடம் தோண்டியதுதான், அந்த அடுக்கை மறுபடி அடுக்க முடியாது. எழுதி வைத்ததுதான் மிச்சம். உங்கள் வயலில் ஒன்றும் கிடைக்காத பதினோரு குழிகளும் அறிக்கையில் ஏறும், அந்த வட்டாரப் பதிவேட்டில் சேரும். மக்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று தேடுகிறவருக்கு, எங்கே குடியிருக்கவில்லை என்பதும் வேண்டும்.

அறிக்கையை நீங்களும் படிக்கலாம். கவுன்சிலில் கேட்டுப் பாருங்கள். அந்த வாய்க்கால் எந்தக் காலத்தது என்று தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.