சோறு குறைந்த வீடும் 26 வெள்ளி அரிசியும்

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டில் ஐந்து பேர். முன்பெல்லாம் மாதம் மூன்று பத்து கிலோ பை அரிசி தீரும். இப்போது ஒரு பையிலேயே மிச்சம் விழுகிறது. "சோறு பொங்காத வீடு என்ன வீடு" என்று மாமியார் வருத்தப்படுகிறார். சனங்களே சோற்றைக் குறைத்துவிட்ட பிறகு, அரசாங்கம் எதற்கு அரிசி விலையைப் பிடித்து வைக்க வேண்டும்? அந்தக் காசை மக்களுக்கே கொடுத்துவிடலாமே?
– வாசகி, பாடாங் செராய், கெடா, மலேசியா

பதில்: தங்கச்சி, நானும் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவள்தான். அம்மா நாலு மணிக்கே எழுந்து சோறு வடித்து, தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடுவார். ரப்பர் மரம் வெட்டிப் பால்வாளி சுமந்த உடம்புக்கு மூன்று வேளையும் சோறு வேண்டியிருந்தது. இன்று உங்கள் வீட்டில் யாரும் பால்வாளி தூக்குவதில்லை. காலையில் ரொட்டி சானாய், ராத்திரி மீ (நூடுல்ஸ்). அரிசி குறையத்தான் செய்யும்.

ஆனால் விலைக் கட்டுப்பாட்டை எடுக்கச் சொல்லாதீர்கள். உள்ளூர் வெள்ளை அரிசி பத்து கிலோ 26 வெள்ளி (ரிங்கிட்) என்பது 2008-லிருந்து இருக்கும் உச்ச விலை. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பரில், நாட்டுக்கு அரிசி இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏற்றியது. எல்லாரும் உள்ளூர் அரிசியைத் தேடி ஓடினோம். நெல் விளைகிற கெடாவிலேயே நான் மூன்று கடை ஏறி இறங்கி, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். அந்தத் தவிப்பு உங்களுக்கும் நினைவிருக்கும். உச்ச விலை இருந்தும் கடையில் சரக்கு இல்லை என்பது பெரிய குறைதான். அந்த உச்ச விலையும் இல்லாவிட்டால், பென்ஷன் இல்லாமல் தோட்டத்தை விட்டு வந்த கிழவி என்ன செய்வாள்? அவள் தட்டில் இன்னும் சோறுதான் பாதிக்கு மேல்.

காசு கொடுப்பதும் நல்லதுதான். 2025-இல் 18 வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும் மைகார்டில் (அடையாள அட்டையில்) சாரா என்ற அரசு உதவி 100 வெள்ளி வந்ததே. ஆனால் விலை ஏறினாலும் அந்த 100 வெள்ளி 100 வெள்ளியாகவே இருக்கும்.

எனக்கு மனசு கேட்காத விஷயம் வேறு. சோறு குறைந்த இடத்தில் முட்டையும் கோழியும் வர வேண்டும், முக்கியமாக வளரும் பிள்ளைகளுக்கு. கோழிக்கான மானியம் 2023 நவம்பரில் நின்றது, முட்டைக்கு 2025 ஆகஸ்டில். கிலோ 1.35 வெள்ளி மாவும், 2.50 வெள்ளி எண்ணெய்ப் பொட்டலமும், கட்டுப்பாட்டு விலைச் சீனியும் அப்படியே இருக்கின்றன. கையில் காசு குறைந்த அம்மா எதை வாங்குவார்? பிள்ளைக்கு ரொட்டியும் இனிப்புத் தேநீரும்தான் மிஞ்சும். அரிசியை அப்படியே விட்டு, முட்டைக்கு மானியத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பேன்.

அடுத்த தடவை சாரா பணம் வந்தால் பிஸ்கட்டை விட்டுவிட்டு, முட்டையும் சார்டின் டின்னும் எடுங்கள். அப்புறம், மாமியாருக்கு ஒரு வேளை சோறு குழைய வடித்துக் கொடுங்கள். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் சின்ன வெங்காயத்தோடு பசியாறட்டும்.