ஒரே நேரத்தில் ஐம்பது பேர் வந்தால்: வடசென்னை அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

அவசர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் என்னிடம் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: விபத்தில் அடிபட்டவர்கள் கூட்டமாக வந்தால் முதலில் யாரைக் கவனிப்பது? (செவிலியர், தண்டையார்பேட்டை)

கதறுபவரை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் கிடப்பவரிடம் போங்கள். "நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் வாருங்கள்" என்று உரக்கச் சொன்னால் எழுந்து வருபவர்களுக்குப் பச்சை அட்டை, அதாவது அவர்கள் காத்திருக்கலாம். மற்றவர்களிடம் மூன்றைப் பாருங்கள்: மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேல் ஓடுகிறதா, மணிக்கட்டில் நாடி தட்டுப்படுகிறதா, "என் விரலை இறுக்கிப் பிடியுங்கள்" என்றால் பிடிக்கிறாரா. ஒன்றில் கோளாறு இருந்தாலும் சிவப்பு, அதாவது உடனே சிகிச்சை. மூன்றும் சரியாக இருந்தால் மஞ்சள், சிவப்புக்கு அடுத்தபடி. மூச்சே இல்லாதவரின் தலையை நிமிர்த்தி வாய்வழியைத் திறந்தால் மூச்சு திரும்பலாம், அப்போது அவர் சிவப்பு. திரும்பாவிட்டால், இனிப் பிழைக்கமாட்டார் என்று பொருள்படும் கறுப்பு அட்டையைக் கட்டிவிட்டு அடுத்தவரிடம் நகர வேண்டும். மனசு கேட்காது, எனக்கும் கேட்டதில்லை. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிடாதீர்கள். பீறிடும் ரத்தத்தை அழுத்திக் கட்டுவது தவிர வேறு சிகிச்சை அந்த நிமிடத்தில் கிடையாது.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் இதற்கென்று பேரிடர்த் திட்டம் எழுதி வைத்திருக்கிறோம். அது போதுமா? (நிர்வாக அலுவலர், இராயபுரம்)

திட்டத்தின் பலம் வாசலில் தெரியும். நான் கலந்துகொண்ட ஒரு ஒத்திகையில் அறுவை அரங்கும் ரத்த வங்கியும் தயாராக இருந்தன. ஆனால் அவசரப் பிரிவின் சாய்தளத்தில் பார்வையாளர்கள் நிறுத்தியிருந்த பைக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நகர்த்திய பிறகே முதல் ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. இன்னொன்று: லேசான காயம் பட்டவர்கள்தாம் ஆட்டோவிலும் பைக்கிலும் முதலில் வந்து கட்டில்களை நிரப்புவார்கள், உயிருக்குப் போராடுபவர்கள் ஆம்புலன்சில் பின்னால் வருவார்கள். ஆகவே பச்சை அட்டைக்காரர்களுக்குப் புறநோயாளிக் கூடத்தைத் தனியாக ஒதுக்கி, வாசலிலேயே ஒரு மூத்த மருத்துவரை நிறுத்துங்கள். ரசாயனம் பட்டு வருபவர்களின் உடையைக் களைந்து, உள்ளே விடுமுன்பே தண்ணீரால் கழுவ, வெளியே ஒரு குழாய் வேண்டும். ரசாயன ஆலைகள் உள்ள மணலிக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு இதை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பலர் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் தெருவுக்கு ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடியிருக்க வேண்டும்? (எர்ணாவூர்)

காற்று வீசும் திசைக்குக் குறுக்காக. காற்றோடு சேர்ந்து ஓடினால் வாயுவும் கூடவே வரும். அம்மோனியா காற்றைவிட இலேசானதுதான் என்றாலும், குளிர்ந்த திரவமாகக் கசியும்போது ஈரக் காற்றோடு கலந்து வெண்புகையாகத் தரையை ஒட்டிப் படரும். அது தண்ணீரில் எளிதில் கரைவதால், நனைத்த துண்டால் மூக்கையும் வாயையும் மூடுவது ஓரளவு உதவும். கண்களைக் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். வெளியேற வழியில்லையென்றால் கதவு, சன்னல்களை அடைத்து உள்ளேயே இருங்கள்.

கேள்வி: ரசாயன விபத்துக்கான ஒத்திகை நடத்துவது யார் பொறுப்பு? (மணலி)

அபாயகரமான ரசாயனங்கள் குறித்த 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆலைக்குள் நடக்கும் ஒத்திகை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலையின் பொறுப்பு; ஆலைக்கு வெளியே நடப்பது ஆண்டுக்கு ஒருமுறை மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. கடைசியாக எப்போது நடந்தது என்று நீங்களே அவர்களிடம் கேட்கலாம்.

கேள்வி: உறவினர் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது? (திருவொற்றியூர்)

அடிபட்டு வந்தவர்களின் பட்டியல் எழுதுவதற்கென்றே ஒருவரை உட்கார வையுங்கள். அவருக்கு வேறு வேலை தராதீர்கள். பெயர் தெரியாதவருக்கு ஓர் எண்ணும், பக்கத்தில் சேலையின் நிறம், கையில் குத்திய பச்சை, காலின் மெட்டி என்று கண்ணில் படுவதெல்லாமும் எழுதப்பட வேண்டும்.